இயங்குதளங்களின் கதை – 27: படிக்க மட்டும்

2015 மழைக்காலம். ஐதராபாத் பாலாநகரில், நர்சாபூர் சௌரஸ்தாவிலிருந்து ஃபதேநகர் பக்கம் இறங்கும் சந்து ஒன்றில் சிறிய பட்டறை. வாசலை ஒட்டி மூன்று லேத், அடுத்து இரண்டு மில்லிங் மெஷின், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கடன் வாங்கிப் போட்ட சி.என்.சி. ஒன்று. மாடிப்படிக்குக் கீழே, இரும்புத்தூள் படியாமல் பிளைவுட்டால் அடைத்த பெட்டிக்குள் ஒரு சர்வர். ஸ்டோர் கணக்கும் ஆட்களின் வருகைப் பதிவும் அதில்தான். சென்ட்ஓஎஸ் 7 போட்டுக் கொடுத்தவன் நான்.

ஒரு மதியம் அங்கிருந்து போன். பேசியவர் ஸ்டோர் பொறுப்பாளர், ஐம்பதைத் தாண்டியவர், ஸ்ரீகாகுளத்துக்காரர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னைத் தம்முடு என்பார். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போயிருக்கிறது. யு.பி.எஸ். பேட்டரி பழசு, இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. கரன்ட் வந்ததும் சர்வர் எழுந்துவிட்டது, கணக்கும் திறக்கிறது. ஆனால் புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்ய முடியவில்லை. திரையில் வந்திருந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். பெர்க்லி டிபி லைப்ரரிக்குள் ஒரு த்ரெட் இறந்துவிட்டது, மீட்பு வேலையை ஓட்டவும் என்பது அதன் சாரம். "தம்முடு, எவரு சச்சிபோயாரு?" என்று கேட்டார். யார் செத்தது என்று உண்மையாகவே பயந்துபோயிருந்தார்.

"யாரும் சாகலை அண்ணா. நான் சொல்றதை அப்படியே அடிங்க. ஸ்லாஷ் வார் ஸ்லாஷ் லிப் ஸ்லாஷ் ஆர்பிஎம். உள்ள போயிட்டீங்களா? இப்ப ஆர்எம், ஒரு ஸ்பேஸ், அண்டர்ஸ்கோர் அண்டர்ஸ்கோர் டிபி டாட் ஸ்டார். என்ட்டர் தட்டாதீங்க. அடிச்சதைத் திருப்பிப் படிங்க. டாட்டுக்கும் ஸ்டாருக்கும் நடுவுல இடைவெளி இருக்கா பாருங்க."

அந்த இடைவெளிதான் என் பயம். அது விழுந்தால் கட்டளையின் பொருளே வேறு. அழிய வேண்டிய நாலைந்து தற்காலிகக் கோப்புகளோடு, அந்த அடைவில் இருக்கும் பேக்கேஜஸ் என்ற மூலக் கோப்பும் போய்விடும். அந்தக் கணினியில் என்னென்ன மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு எதற்குச் சொந்தம் என்ற முழுக் கணக்கும் அதில் இருக்கிறது. அண்ணா இரண்டு முறை படித்துக் காட்டினார். இடைவெளி இல்லை. என்ட்டர் தட்டச் சொன்னேன். பிறகு தரவுத்தளத்தைத் திரும்பக் கட்டும் கட்டளை. பத்து நிமிடத்தில் எல்லாம் சரி.

இந்த இரண்டு கட்டளைகளையும் நான் கற்றது பாலாநகரிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அமீர்பேட்டையில், மூன்றாவது மாடி வகுப்பறை ஒன்றில். ஏன் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரெட் ஹாட் குடும்பத்து லினக்ஸை ஓட்டிய அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். உலகம் முழுவதும் சர்வர் பார்த்துக்கொண்ட ஆட்கள் பல ஆண்டுகளாக அதையே அடித்தார்கள். சென்ற வாரம் பேக்கேஜ் என்ற எண்ணம் பிறந்த கதையைப் பார்த்தோம். அந்தப் பேக்கேஜ்களின் கணக்கு எந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டது, அந்தப் புத்தகத்தை மாற்ற ஏன் இத்தனை காலம் ஆனது என்பது இந்த வாரம்.

*

பலசரக்குக் கடையின் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் பக்கம் வருகிறது, பக்கத்தில் பாக்கி இருக்கிறது. பெயர் என்பது சாவி, பாக்கி என்பது மதிப்பு. கணினிக்குள் இப்படிச் சாவி கொடுத்து மதிப்பை எடுக்கும் வேலை ஓயாமல் நடக்கிறது. பயனர் பெயர் கொடுத்தால் கடவுச்சொல் பதிவு, மின்னஞ்சல் முகவரி கொடுத்தால் சேர வேண்டிய பெட்டி, பேக்கேஜ் பெயர் கொடுத்தால் அதன் கோப்புகளின் பட்டியல். இதற்கென்று தனியாக ஒரு தரவுத்தள சர்வரை ஓட்டுவது பெரும் செலவு. நிரலுக்கு உள்ளேயே உட்கார்ந்து இந்த வேலையை மட்டும் செய்து கொடுக்கும் ஒரு லைப்ரரி இருந்தால் போதும்.

யூனிக்ஸில் அப்படி முதலில் வந்தது டிபிஎம். 1979 இல் ஏடி அண்ட் டி நிறுவனத்தில் கென் தாம்சன் எழுதியது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிஎஸ்டி யூனிக்ஸை வளர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவே தடையாகவும் இருந்தது. 1980களின் கடைசியில் அவர்கள் எடுத்துக்கொண்ட காரியம், தங்கள் இயங்குதளத்திலிருந்து ஏடி அண்ட் டி எழுதிய ஒவ்வொரு வரியையும் நீக்கி, அந்த இடத்தில் யாரும் உரிமை கொண்டாட முடியாத புது நிரலை வைப்பது. முன்னின்று நடத்தியவர் கீத் போஸ்டிக். டிபிஎம்முக்கு மாற்றாக மார்கோ செல்ட்சர், ஓசான் யிகித் இருவரும் எழுதிய ஹாஷ் முறை 1991 இல் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் வெளியானது. மைக் ஓல்சன் பி-ட்ரீ பகுதியை எழுதினார். இவை சேர்ந்ததுதான் பெர்க்லி டிபி. 4.4பிஎஸ்டியோடு அது உலகத்துக்குப் போனது.

இந்தத் தொடக்கத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒரு பழைய லைப்ரரியை இயங்குதளத்திலிருந்து வெளியேற்றும் வேலையின் நடுவில் பிறந்தது பெர்க்லி டிபி. உரிமம்தான் அப்போதும் காரணம்.

1996 இல் நெட்ஸ்கேப் நிறுவனம் கூடுதல் வசதிகள் கேட்டது. அதற்காகச் செல்ட்சரும் போஸ்டிக்கும் ஸ்லீப்பிகேட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களின் உரிமம் நேர்மையானது: உங்கள் நிரலின் மூலத்தைத் திறந்து வைத்தால் இலவசம், மூடி வைத்து விற்றால் காசு கொடுங்கள். இந்த ஏற்பாட்டில் லினக்ஸ் உலகத்துக்கு ஒரு தொல்லையும் இல்லை. நிரலும் உறுதியானது, வேகமானது, சிறியது. சில ஆண்டுகளில் அது இல்லாத லினக்ஸ் கணினியே இல்லை என்று ஆனது. பெர்ல், பைத்தான் மொழிகள், போஸ்ட்ஃபிக்ஸ் மின்னஞ்சல், ஓப்பன்எல்டிஏபி, சப்வெர்ஷன், ரெட் ஹாட்டின் பேக்கேஜ் கருவியான ஆர்பிஎம் என்று எதைத் தொட்டாலும் அடியில் பெர்க்லி டிபி.

தமிழ்நாட்டுக்கும் அது வந்தது, யார் கண்ணிலும் படாமல். எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக சி. உமாசங்கர் இருந்தபோது அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். சூசே ஆர்பிஎம் குடும்பம். ஒவ்வொரு கணினியின் பேக்கேஜ் கணக்கும் பெர்க்லி டிபி கோப்பில் எழுதப்பட்டது. 2011 இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸின் பக்கத்தில் பாஸ் லினக்ஸும் இருந்தது. அது சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. டெபியனில் பெர்ல் இருந்தால் பெர்க்லி டிபி கூடவே வரும். நம் வீட்டுப் பிள்ளைகளின் மடியில் அது உட்கார்ந்திருந்தது. அதன் பெயரைக் கேள்விப்பட வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை. நல்ல லைப்ரரிக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்றே நான் நினைக்கிறேன்.

*

2006 பிப்ரவரியில் ஆரக்கிள் நிறுவனம் ஸ்லீப்பிகேட்டை வாங்கியது. ஏழு ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. 2013 இல் பெர்க்லி டிபி 6.0 வந்தபோது உரிமம் ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பாக மாறியிருந்தது.

இது ஏன் இடியாக இறங்கியது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏஜிபிஎல் கெட்ட உரிமம் அல்ல. சுதந்திர மென்பொருள் இயக்கம் எழுதியதுதான். ஒரு நிரலை மாற்றி அதை நெட்வொர்க் வழியே பிறருக்குச் சேவையாகக் கொடுத்தால், மாற்றிய மூலத்தை அந்தப் பயனர்களுக்கும் தர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஒரு முழுமையான நிரலுக்கு அது பொருந்தும். பெர்க்லி டிபியோ லைப்ரரி. நூற்றுக்கணக்கான நிரல்களுக்குள் புகுந்து கிடப்பது. புதுப் பதிப்பை ஏற்றால் அந்த நிரல்கள் அத்தனையும் அந்த நிபந்தனையின் நிழலுக்குள் வரும். ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பை மட்டும் ஏற்றுக்கொண்ட நிரல்களோ அதோடு சட்டப்படி சேரவே முடியாது. மின்னஞ்சல் சர்வர் ஓட்டும் ஒருவர் போஸ்ட்ஃபிக்ஸில் இரண்டு வரி திருத்தினால் என்ன ஆகும் என்று வக்கீலைக் கேட்கவேண்டிய நிலை.

டெபியனில் அப்போது இந்தப் பேக்கேஜைப் பராமரித்தவர் செக் நாட்டுக்காரர் ஓந்த்ரெய் சூரி. 2013 கோடையிலேயே அவர் இந்தச் சிக்கலை எல்லார் முன்னாலும் வைத்தார். அடுத்த ஆண்டு, ஜெஸ்ஸி பதிப்பு வெளியான பிறகு பெர்க்லி டிபியை முழுவதுமாக ஒழிப்பதைத் திட்டத்தின் இலக்காக்கலாம் என்றார். டெபியனும் ஃபெடோராவும் வேறு பலரும் 5.3 பதிப்பிலேயே நின்றுவிட்டார்கள். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல. வேறு வழி இல்லாததால் எல்லாரும் ஒரே படியில் நின்றார்கள்.

நின்ற படியில் எவ்வளவு காலம் நிற்பது? மேலே எழுதியவர் கைவிட்ட நிரலுக்குக் கீழே உள்ளவர்கள்தான் ஒட்டுப்போட வேண்டும். 2017 இல் ஒரு ஓட்டை வெளிப்பட்டது. பெர்க்லி டிபி, தான் ஓடும் அடைவில் ஒரு குறிப்பிட்ட பெயருள்ள அமைப்புக் கோப்பு கிடந்தால் கேட்காமலே எடுத்துப் படிக்கும். கையேட்டில் சொல்லப்படாத குணம். அதிக அதிகாரத்தோடு ஓடும் போஸ்ட்ஃபிக்ஸின் துணை நிரலைச் சாதாரணப் பயனர் ஒருவர் அப்படிப்பட்ட அடைவிலிருந்து ஓட்டினால், அந்த அதிகாரத்தின் ஒரு பங்கு அவர் கைக்கு வரும். போஸ்ட்ஃபிக்ஸை எழுதிய விட்சே வெனிமா தன் நிரலின் பக்கத்திலிருந்தே அதற்கு அணை போட்டார். டெபியன், ஃபெடோரா போன்ற விநியோகங்கள் தங்களிடமிருந்த பழைய 5.3 இல் தனித்தனியாக ஒட்டுப்போட்டன. இருபது வீட்டில் ஒரே ஓட்டை, இருபது கொத்தனார்.

*

அப்படியானால் எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்றை வைக்கவேண்டியதுதானே என்று கேட்கலாம். 2013 மார்ச்சில் பிட்காயினுக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டால் அந்தக் கேள்வி அவ்வளவு எளிதாக வராது.

பிட்காயின் நிரல் தன் தொகுதிச் சங்கிலியின் விவரங்களை வைத்திருந்தது பெர்க்லி டிபியில். 2013 தொடக்கத்தில் வந்த 0.8 பதிப்பு அதை விட்டுவிட்டு லெவல்டிபி என்ற வேறொரு லைப்ரரிக்கு மாறியது. வேகம் கூடியது, எல்லாருக்கும் மகிழ்ச்சி. விதிகள் எதுவும் மாறவில்லை என்றே எழுதியவர்கள் நம்பினார்கள். மார்ச் 11-12 இல், 225430 என்ற எண்ணுள்ள தொகுதி வந்தது. வழக்கத்தைவிடப் பெரியது. புதிய பதிப்பு ஓடிய கணினிகள் அதை ஏற்றுக்கொண்டன. பழைய 0.7 ஓடிய கணினிகளில் பல மறுத்துவிட்டன.

காரணம் பூட்டு. பெர்க்லி டிபியில் ஒரு பக்கத்தைத் திருத்துகிறவர் அதன்மேல் பூட்டுப் போடுவார், இன்னொருவர் அதே நேரத்தில் கை வைக்காமலிருக்க. ஒரே சமயத்தில் மொத்தம் எத்தனை பூட்டு போடலாம் என்பதற்கு ஓர் உச்ச எண்ணிக்கை உண்டு. அதை அமைப்பில் கொடுக்க வேண்டும். அந்தப் பெரிய தொகுதிக்கு வேண்டிய பூட்டுகள் அந்த எண்ணிக்கையைத் தாண்டின. பழைய நிரல் தொகுதியே செல்லாது என்று முடிவுகட்டியது. உலகத்தின் ஒரு பாதி ஒரு கணக்கிலும் மறுபாதி வேறு கணக்கிலும் சில மணி நேரம் ஓடின. கடைசியில் பெரிய சுரங்கக் குழுக்களைப் பழைய பதிப்புக்குத் திரும்பச் சொல்லி, பழைய சங்கிலியை முந்த வைத்துச் சேர்த்தார்கள்.

இதில் என்னை உறையவைப்பது ஒன்றுதான். அந்தப் பூட்டுக் கணக்கைப் பிட்காயினின் விதியாக யாரும் எழுதவில்லை. எந்த ஆவணத்திலும் இல்லை. ஆனாலும் நான்கு ஆண்டுகளாக அது விதியாகவே இருந்திருக்கிறது. லைப்ரரியை மாற்றிய அன்றுதான் தெரிந்தது.

பாலாநகர்ப் பட்டறையில் "செத்துப்போன"தும் இதே பூட்டு விவகாரம்தான். அண்டர்ஸ்கோர் இரண்டு போட்டுத் தொடங்கும் அந்தக் கோப்புகளில் இருந்தது, எந்த நிரல் எதைப் பூட்டியிருக்கிறது என்ற பட்டியல். கரன்ட் போனபோது ஆர்பிஎம் பூட்டோடு செத்தது. திரும்ப எழுந்த நிரல், பூட்டுப் போட்டவன் செத்துக் கிடப்பதைப் பார்த்து மேலே போக மறுத்தது. பட்டியலை அழித்தால் பூட்டு போய்விடும். அண்ணாவிடம் நான் அடிக்கச் சொன்னது அதைத்தான். பெர்க்லி டிபியிலேயே பரிவர்த்தனை என்ற வசதி உண்டு. பாதியில் நின்ற எழுத்தைத் தானே பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ளும். ஆர்பிஎம் அந்த வசதியைப் பயன்படுத்தவே இல்லை. இத்தனை ஆண்டுகள் நாங்கள் லைப்ரரியைத் திட்டியதில் பாதி நியாயமில்லை. இதை நான் தெரிந்துகொண்டதே வெகு தாமதமாகத்தான்.

*

வெளியேறியவற்றில் ஒன்று ஓப்பன்எல்டிஏபி. அங்கே ஹோவர்ட் சூ பெர்க்லி டிபியோடு பல ஆண்டு மல்லாடிவிட்டு 2011 இல் எல்எம்டிபி என்ற சொந்த லைப்ரரியை எழுதினார். 2021 இல் வந்த 2.5 பதிப்பில் பெர்க்லி சார்ந்த பழைய பகுதிகள் நீக்கப்பட்டன. பைத்தான் 2008 லேயே 3.0 பதிப்பில் தன் பெர்க்லி இணைப்பை எடுத்துவிட்டது. சப்வெர்ஷன் தன் சொந்தக் கோப்பு முறைக்குப் போனது.

கடினமானது ஆர்பிஎம். இயங்குதளத்தை மாற்றும் கருவியே தன் கணக்குப் புத்தகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், அதுவும் அந்தப் புத்தகத்தைப் பார்த்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே. ஓடும் லேத்தில் சக்கைக் கழற்றுகிற காரியம். ஆர்பிஎம்மின் தலைமைப் பராமரிப்பாளர், ஃபின்லாந்துக்காரர் பானு மாடிலைனன், எஸ்க்யூஎல்லைட்டை எடுத்துக்கொண்டார். டி. ரிச்சர்ட் ஹிப் 2000 இல் தொடங்கிய லைப்ரரி அது. நம் கைப்பேசிகள் அனைத்திலும் இருப்பது. எல்லாருக்கும் பொதுச் சொத்தாக விடப்பட்டதால் உரிமச் சிக்கலே கிடையாது. 2050 வரை பராமரிப்போம் என்று எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள். பரிவர்த்தனை அதில் இயல்பு. கரன்ட் போனால் பாதி எழுத்து தங்காது.

எழுதுவதற்கு எஸ்க்யூஎல்லைட் சரி. பழைய கணினிகளில் ஏற்கெனவே எழுதிக் கிடப்பதை என்ன செய்வது? பெர்க்லி கோப்பைப் படிக்கப் பெர்க்லி லைப்ரரி வேண்டும். அதை வைத்திருந்தால் வெளியேற்றியது ஆகாது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜெர்மனியின் சூசே நிறுவனத்துப் பொறியாளர் மைக்கேல் ஷ்ரோடர். பெர்க்லி டிபியின் ஒரு வரியையும் தொடாமல், அதன் கோப்பு வட்டில் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் வைத்து, அதைப் படிக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதினார். எழுதத் தெரியாது, திருத்தத் தெரியாது, பூட்டு கிடையாது. படிக்க மட்டும். பக்கம் பக்கமாகத் திறந்து, ஹாஷ் பக்கமா பி-ட்ரீ பக்கமா என்று பார்த்து, சாவியையும் மதிப்பையும் எடுத்துக் கொடுக்கும். 2020 செப்டம்பர் கடைசியில் வந்த ஆர்பிஎம் 4.16 இல் எஸ்க்யூஎல்லைட்டும் இந்தப் படிப்பானும் சேர்ந்தே வெளியாயின. அக்டோபர் 27 அன்று வந்த ஃபெடோரா 33, பேக்கேஜ் கணக்கைப் புதுப் புத்தகத்துக்கு மாற்றியது. அதே 2020 இல்தான் ஏசிஎம் சிக்மாட் அமைப்பு தன் சிஸ்டம்ஸ் விருதைப் பெர்க்லி டிபிக்குக் கொடுத்தது. விருதும் வழியனுப்பலும் ஒரே ஆண்டில்.

பிட்காயினிலும் பிறகு இதேதான் நடந்தது. தொகுதிச் சங்கிலி 2013 இல் பெர்க்லியை விட்டாலும், ஆட்களின் பணப்பைக் கோப்புகள் அதிலேயே கிடந்தன. அவற்றை எஸ்க்யூஎல்லைட்டுக்கு மாற்றும் வேலை பல ஆண்டு நடந்தது. கடைசியில் அங்கும், பெர்க்லி லைப்ரரி இல்லாமலே பழைய பணப்பையைப் படிக்கும் ஒரு நிரலைத் தனியாக எழுதி, 2024 இல் சேர்த்த பிறகுதான் லைப்ரரியை விட்டுவிட முடிந்தது. பத்தாண்டுக்கு முன் தூக்கி வைத்த பென் டிரைவோடு யாரோ ஒருவர் என்றாவது வருவார், அவருக்குக் கதவு திறக்க வேண்டும் என்று நினைத்த ஆட்கள் இவர்கள். பெயர் தெரியாத அந்த ஒருவருக்காகச் செலவிட்ட உழைப்பை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

பாலாநகர்க்காரர்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல. பெருஞ்சாலையில் எச்.ஏ.எல்.லின் ஏவியானிக்ஸ் பிரிவு, ஐ.டி.பி.எல்.லின் பழைய மருந்தாலை, கருவி வடிவமைப்புப் பயிற்சி தரும் சி.ஐ.டி.டி. இவற்றோடு தேசியத் தொலையுணர்வு மையமும் இருக்கிறது. 1979 இலிருந்து ஷாத்நகர் நிலையத்தில் பெற்ற செயற்கைக்கோள் படங்களுக்குப் பொறுப்பான நிறுவனம். தொடக்க காலத்தில் அப்படிப்பட்ட படங்கள் காந்த நாடாவில் வந்தன. நாடா கெடாமல் இருந்தாலும், அதைச் சுழற்றும் கருவி இல்லையென்றால் 1980களின் ஒரு ஏரி எவ்வளவு பரப்பில் இருந்தது என்பதைப் பார்க்க வழியில்லை. எழுதும் கருவியை நிறுத்தலாம். படிக்கும் கருவியை நிறுத்துவதற்கு முன் ஆயிரம் முறை யோசிக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும்.

*

2024 ஜூன் 30 அன்று சென்ட்ஓஎஸ் 7 இன் ஆதரவுக் காலம் முடிந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் நான் பாலாநகர் போனேன். அம்பேத்கர் பாலாநகர் மெட்ரோவில் இறங்கி ஷேர் ஆட்டோ. நர்சாபூர் சௌரஸ்தாவின் மேல் 2021 இல் திறந்த மேம்பாலம். கீழே அதே தூசி, அதே ஆயில் வாடை. பட்டறையை இப்போது முதலாளியின் மகள் நடத்துகிறார். அண்ணா ஓய்வு பெற்றும் வாரத்தில் மூன்று நாள் வருகிறார், ஸ்டோர் சாவி அவரிடம்தான்.

புது சர்வரில் ஆல்மாலினக்ஸ் 9 போட்டேன். ஆர்பிஎம் அதில் எஸ்க்யூஎல்லைட்டுக்கு மாறிவிட்டது. பழைய சர்வரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. கேபிளில் மாட்டி, புது சர்வரில் செருகினேன். பழைய மெஷினில் ஒன்பது ஆண்டுகளில் யார் யாரோ என்னென்னவோ போட்டிருந்தார்கள். பட்டியல் எழுதி வைத்தவர் யாருமில்லை. அது தெரியாமல் புதுசைத் தயார் செய்ய முடியாது. புது ஆர்பிஎம்மிடம், கணக்குப் புத்தகம் இந்த அடைவில் இருக்கிறது என்று பழைய டிஸ்க்கைக் காட்டினேன். அந்த ஆர்பிஎம்முக்குப் பெர்க்லி கோப்பில் எழுதத் தெரியாது. படிப்பான் மட்டும் அதில் இருந்தது. ஒரு நொடி ஒன்றும் வரவில்லை. பிறகு பெயர்கள் ஓடத் தொடங்கின.

பட்டியலைச் சலான் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரிலேயே அடித்தோம். அண்ணா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளை ஸ்டோர் மேஜையில் விரித்து, பேனாவோடு உட்கார்ந்தார். பார்கோடு ஸ்கேனருக்கான நிரல் வேண்டும். லேபிள் பிரின்டருக்கானது வேண்டும். பெயர் புரியாதவற்றை என்னிடம் கேட்டார். எனக்கும் புரியாதவற்றுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். நடுவில் பெர்க்லி டிபியின் பெயரும் வந்தது, லிப்டிபி என்று. இது எது தம்முடு என்றார். 2015 இல் செத்துப்போச்சு என்று நீங்கள் பயந்தது இதற்குள்தான் அண்ணா என்றேன். அவருக்கு நினைவிருந்தது.

"புதுசுல வேணுமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தினேன். ரெட் ஹாட் குடும்பத்தின் 9 ஆம் பதிப்பில் அது காலாவதி என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும் உள்ளே இருக்கத்தான் செய்கிறது. வேறு சில நிரல்கள் அதை இன்னும் இழுத்துக்கொண்டு வருகின்றன. 2025 மே மாதம் வந்த 10 ஆம் பதிப்பில்தான் அது முற்றாக எடுக்கப்பட்டது. டெபியனில் 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த ட்ரிக்சி பதிப்பிலும் அதே 5.3 இருக்கிறது. சூரி குறித்த இலக்குக்குப் பதினொரு ஆண்டுகள் கழித்தும்! 2038 ஆம் ஆண்டு நேரச் சிக்கலுக்காக 64 பிட் காலக் கணக்குக்கு மாறியபோது, வெளியேற வேண்டிய இந்தப் பழைய லைப்ரரிக்கும் பெயரின் வாலில் டி64 என்று சேர்த்துப் புதுப் பெயர் வைக்கவேண்டியிருந்தது.

"நாம போடவேண்டாம் அண்ணா. அதுவா வந்தா இருக்கட்டும்" என்றேன். அவர் அந்தப் பெயரை அடிக்காமல், கேள்விக்குறியும் போடாமல், சின்னதாக ஒரு புள்ளி மட்டும் வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

சாயங்காலம் ஸ்டோர் கணக்கு புது சர்வரில் திறந்தது. பழைய டிஸ்க்கைக் கழற்றி ஆன்டி-ஸ்டேட்டிக் உறைக்குள் போட்டு, மேலே மார்க்கரில் தேதி எழுதினேன். அண்ணா அதை வாங்கிக்கொண்டு போய், நின்றுபோன ஆர்டர்களின் டிராயிங்குகள் சுருட்டி வைத்திருக்கும் இரும்பு அலமாரியின் மேல் தட்டில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்புக் கொத்தில் மாட்டிக்கொண்டார்.